ஒரு பிக்கப் 22 நிமிடம் லேட்: அறிக்கை டிரைவரைச் சொல்கிறது, லாக் வேறு கதை சொல்கிறது

தாமதவேட்டை

முன்பதிவு செய்து பல பேர் சேர்ந்து போகிற வேன் சேவை ஒன்றின் டிஸ்பாட்ச் மேசையில், அதாவது வண்டிகளை அனுப்பிக் கண்காணிக்கும் இடத்தில், இருக்கிறேன். ஒரு ட்ரிப் லேட் ஆனால் ஏன் லேட் என்று எழுதிக் கொடுப்பதும் என் தலையில்தான். இப்போது கையில் இருப்பது சக்கர நாற்காலிப் பயணி ஒருவரின் காலை ட்ரிப். அவருக்குச் சொன்ன நேரம் 9:00-இலிருந்து 9:30-க்குள். ஏறியதாகப் பதிவானது 9:52. மென்பொருளின் தினசரி அறிக்கை ஒரே வரியில் முடித்துவிட்டது: 22 நிமிடம் தாமதம், காரணம் டிரைவர்.

அந்த "காரணம் டிரைவர்" எங்கிருந்து வருகிறது என்று தோண்டினால், வேறு எதையும் யாரும் தேர்வு செய்யாதபோது மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்கிற மதிப்பு அது. யாரும் விசாரிக்கவில்லை, யாரும் முடிவு செய்யவில்லை, ஆனால் மாதக் கடைசியில் அவர் கணக்கில் ஏறிவிடும்.

ட்ரிப் திரையில் கடைசி நிலை மட்டும்தான் தெரிகிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதால் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு பதிந்து வைக்கும் ஆடிட் லாக்கைத் தனியாகக் கேட்டு வாங்கினேன். தேவையான வரிகள் மட்டும் கீழே:

முந்தைய நாள் 16:20 – கோரிக்கை பதிவு
2:00 – இரவு பேட்ச் (மென்பொருள் பட்டியலை மொத்தமாகப் போடுவது), வண்டி 7, ஈடிஏ (வந்து சேரும் என்று கணிக்கும் நேரம்) 9:08
7:41 – வண்டி 7, ஈடிஏ 9:13
8:02 – வண்டி 7, ஈடிஏ 9:17
8:19 – வண்டி 7, ஈடிஏ 9:21
8:33 – வண்டி 12-க்கு மாற்றம், ஈடிஏ 9:26
9:14 – வண்டி 12, ஈடிஏ 9:41
9:30 – தாமத எச்சரிக்கை
9:41 – வந்தது, தானியங்கிப் பதிவு
9:46 – நோ-ஷோ ("பயணி வரவில்லை") பொத்தான் திறந்தது
9:47 – வந்தது, டிரைவர் பதிவு
9:52 – ஏறினார்
10:24 – இறங்கினார்

எங்கே தொடங்குவீர்கள்?

பழையஸ்டீயரிங்

முதலில் ஒன்று. 12-ஐ ஓட்டியவருக்கு இந்த ட்ரிப்பே 8:33-க்குத்தான் தெரியும். அதுவரை இன்னொருவர் பட்டியலில் இருந்த பயணி இவர். பாதி வழியில் டேப்லெட் டிங் என்று சத்தம் போடும், பட்டியல் மாறியிருக்கும், ஓட்டிக்கொண்டே அதைப் படிக்கவும் கூடாது. அப்படி வந்து விழுந்த ட்ரிப்புக்குத்தான் "காரணம் டிரைவர்".

இரண்டாவது, தாமதத்தை ஏறிய நேரத்தில் அளப்பது அநியாயம். 9:47-க்கு வாசலில் நின்றிருக்கிறார், 9:52-க்குப் பயணி ஏறிவிட்டார். ரேம்பை இறக்க வேண்டும், நாற்காலியை ஏற்ற வேண்டும், நான்கு மூலைப் பட்டைகளையும் இறுக்க வேண்டும், அதன்பின் பயணிக்கு பெல்ட். ஐந்து நிமிடத்தில் இதைச் செய்பவர் நல்ல கை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று அறிக்கை எழுதுகிறவர்கள் ஒருமுறை வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அரைகுறைகணக்கன்

அண்ணன் சொல்வது சரி, வந்த நேரத்தில் அளந்தால் 22 இல்லை, 17.

ஆனால் அதற்கும் முன்னால் கடிகாரம். இந்த லாக்கில் இருக்கும் நேரம் டேப்லெட்டின் நேரமா, சர்வரில் வந்து சேர்ந்த நேரமா? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் டேப்லெட் எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக அனுப்பும். நல்ல மென்பொருள் இரண்டு நேரத்தையும் தனித்தனிப் பத்தியில் வைத்திருக்கும், ஏற்றுமதி செய்யும்போது ஒன்றை மட்டும் கொடுக்கும். எது என்று கேளுங்கள்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதும், திரை உள்ளூர் நேரத்தில் காட்டும், விரிதாளில் இறக்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அதற்கே தெரியாது. இரண்டு அறிக்கைகள் சரியாக 30 நிமிடமோ ஒரு மணி நேரமோ வித்தியாசப்பட்டால் போக்குவரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், மண்டலத்தைச் சந்தேகப்படுங்கள். ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட முன்னால் ஓடுகிறதே என்று யாராவது வருவார்கள். அது 2017 தொடக்கத்திலிருந்து 18 நொடி. நம் பிரச்சினை நொடியில் இல்லை.

எனக்கு உறுத்துவது 8:33-க்கும் 9:14-க்கும் நடுவில் இருக்கும் மௌனம். காலை நேரத்தில், ஓடுகிற வண்டிக்கு, ஈடிஏ ஒரு நிமிடம்கூட அசையாமல் 41 நிமிடம் இருக்குமா? வண்டியின் ஜிபிஎஸ் தடத்தை எடுங்கள்.

தாமதவேட்டை

எடுத்தேன். நீங்கள் சந்தேகப்பட்டதுதான். 8:48-இலிருந்து 9:14 வரை சர்வருக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை, 9:14-க்கு எல்லாம் ஒன்றாகக் கொட்டியிருக்கிறது. டேப்லெட் நேரப்படி பார்த்தால் முந்தைய பயணியின் வாசலுக்கு 8:51-க்கு வந்திருக்கிறார், அவரும் சக்கர நாற்காலிதான், 9:03-க்குத்தான் கிளம்பியிருக்கிறார். 12 நிமிடம். மென்பொருள் ஒதுக்கியிருந்தது 3 நிமிடம், நடந்து வந்து ஏறுபவருக்கும் நாற்காலிப் பயணிக்கும் ஒரே 3. அங்கே 9 நிமிடம் போயிற்று.

அதற்குப் பிறகு சாலையில் ஒரு 6 நிமிடம். திட்டத்தில் இருந்த வேகம் அந்த நேரத்து நெரிசலுக்கு ஒத்துவரவில்லை. ஆக 9:26 என்பது 9:41 ஆனது. இந்த 26 நிமிடமும் திரையில் வண்டி 12 பச்சை நிறத்தில், திட்டப்படி ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியிருக்கிறது. தகவல் இல்லை என்பதற்கும் தாமதம் இல்லை என்பதற்கும் ஒரே நிறம்.

இரவுப்பட்டியல்

நான் பட்டியல் போடுகிற ஆள், டிஸ்பாட்ச் இல்லை. எல்லோரும் 12-ஐயே பார்க்கிறீர்கள். அதை விட்டுவிட்டு 7-ஐப் பாருங்கள்.

9:08, 9:13, 9:17, 9:21, 9:26. ஒவ்வொரு தாவலும் 5 நிமிடம் அல்லது 4 நிமிடம். அமைப்புகளில் "இத்தனை நிமிடத்துக்கு மேல் ஈடிஏ மாறினால் பயணிக்குச் செய்தி அனுப்பு, டிஸ்பாட்சரிடம் ஒப்புதல் கேள்" என்று ஓர் எல்லை இருக்கும், உங்களிடம் அது 5-ஆக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த எல்லையை மென்பொருள் எதோடு ஒப்பிடுகிறது? முந்தைய ஈடிஏவோடு. முதலில் சொன்ன 9:08-ஓடு இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் சின்ன மாற்றம்தான், யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் சொல்ல வேண்டாம். நான்கு சின்ன மாற்றம் சேர்ந்து 18 நிமிடம் போய்விட்டது, ஒரு மணிகூட அடிக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்கிறது என்றால், புதுக் கோரிக்கை வரும்போதெல்லாம் இருக்கிற ட்ரிப்புகளின் நடுவே அதை எங்கே செருகினால் மொத்தச் செலவு குறைவு என்று தேடுகிறது. எல்லாச் சாத்தியங்களையும் பார்த்துச் சிறந்ததைக் கண்டுபிடிக்க நேரம் போதாது. பயணிகளும் வண்டிகளும் கூடக்கூடக் கணக்கு வெடித்துப் பெருகும் வகை இது, 'டயல் எ ரைடு' சிக்கல் என்று பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். அதனால் குறுக்கு வழியில் நல்லதாக ஒன்றைப் பிடிக்கும். உங்கள் பயணிக்கு 9:30 வரை அனுமதி இருக்கிறது, ஈடிஏ 9:08, அப்படியானால் 22 நிமிடம் சும்மா கிடக்கிறது என்று அதற்குத் தோன்றும். எடுத்துச் செலவழித்துவிடும். 8:33-க்கு மீதி இருந்தது 4 நிமிடம்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். அதே 9 நிமிட ஏற்றம், அதே 6 நிமிட நெரிசல், வாசலைத் தேடியது என்று தோன்றுகிற அந்தக் கடைசி 6 நிமிடம், மூன்றும் 9:08-இல் வந்து விழுந்திருந்தால் வண்டி 9:29-க்கு வாசலில். சரியான நேரம் என்று அறிக்கை வந்திருக்கும், இந்த இழையே இருந்திருக்காது. காலையில் நடந்தது எல்லாம் எந்த நாளும் நடக்கிற சாதாரணக் கஷ்டம்தான். அதைத் தாங்கவேண்டிய இடம் 8:33-க்கே காலி.

நேர்க்கோடு

எதிர்ப்பக்கம் யாராவது பேச வேண்டுமே, நான் பேசுகிறேன். 9:00-இலிருந்து 9:30 என்று 30 நிமிட இடைவெளி கொடுப்பதே பயன்படுத்தத்தான். வண்டி 7-இல் நடுவில் செருகப்பட்டவர்களும் பயணிகள்தானே? 9:08-ஐத் தொடக்கூடாது என்று பூட்டி வைத்தால் அவர்களுக்கு "வண்டி இல்லை" என்று பதில் போயிருக்கும். அந்த மறுப்பு எந்தத் தாமத அறிக்கையிலும் வராது, அதனால் எல்லோருக்கும் இனிப்பாக இருக்கும்.

நியூயார்க் டாக்ஸி தரவை வைத்து எம்ஐடி ஆய்வாளர்களும் மற்றவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஞாபகம் இருக்கிறதா? 13,000-க்கும் மேலான டாக்ஸிகள் செய்வதில் 98 சதவீதத்தை நான்கு பேர் ஏறும் 3,000 வண்டிகள் செய்யும், சராசரிக் காத்திருப்பு 2.8 நிமிடம் என்று கணக்குக் காட்டினார்கள். தொடர்ந்து மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டே இருப்பதால்தான் அது சாத்தியம். மறு அடுக்கலைத் திட்டினால் சேவையையே திட்டுவது போல.

இரவுப்பட்டியல்

மறு அடுக்கலை நான் திட்டவில்லையே. ஆனால் அந்த ஆய்வில் காத்திருப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்குள் ஏற்ற முடியாத கோரிக்கையைக் கைவிடுவார்கள். 98 என்றால் மீதி 2 அவர்கள். அதோடு அது சிமுலேஷன், ரேம்ப் இறக்குகிறவர் யாரும் அதில் இல்லை. நம்மிடம் இருப்பது நேர்மாறு: யாரையும் கைவிட முடியாது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எவ்வளவு நேரம் ஆகும் என்று உறுதியாகவும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் கையிருப்பு நேரத்தின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் ஒரே விலை இல்லை. 22-இல் 5 எடுத்தால் யாருக்கும் வலிக்காது. 9-இல் 5 எடுத்தால் அடுத்து நிற்கிறவர் மாட்டுவார். 8:33-க்கு எடுத்தது அதுதான். எத்தனை பேரைச் செருகலாம் என்பதில் சண்டை இல்லை, யாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே மூன்று முறை தள்ளப்பட்டவரையே நான்காவது முறையும் தள்ளுவது மென்பொருளுக்கு மலிவாகத் தெரிகிறது, ஏனென்றால் அதற்கு முந்தைய மூன்றும் நினைவில் இல்லை.

நாலுசக்கரம்

நான் இந்த மாதிரி சேவையில் நாற்காலியோடு போகிறவன். நீங்கள் 9:30 தாண்டியதா என்று பார்க்கிறீர்கள். நான் பார்ப்பது போய்ச் சேர வேண்டிய நேரம். அவருக்கு எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும்?

இன்னொன்று, 9:00-இலிருந்து 9:30 என்றால் 9:00-க்கே நான் கீழே வந்து வாசலில் நிற்க வேண்டும். வண்டி வந்து ஐந்து நிமிடத்தில் நான் இல்லையென்றால் "பயணி வரவில்லை" என்று எழுதிப் போய்விடுவார்கள் என்ற பயம். ஆக உங்கள் கணக்கில் 17 நிமிடம், என் உடம்புக் கணக்கில் 47. நடுவில் தொலைபேசியில் கேட்டால் "வந்துகொண்டிருக்கிறது" என்பார்கள். ஒரே ஒரு செய்தி 8:33-க்கு வந்திருந்தால் மேலேயே உட்கார்ந்திருப்பேன்.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1990 சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், மிகவும் தாமதமான பிக்கப்புகள் கணிசமான எண்ணிக்கையில் தொடர்ந்து நடந்தால் அதைச் சேவைக்குத் தடை போடுவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இயக்குகிறவரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் நடந்தது என்றால் அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் "காரணம்" என்ற அந்தக் கட்டம் அவ்வளவு முக்கியம். அங்கே தானாக விழுகிற மதிப்பு இருப்பதே தப்பு, அது டிரைவராக இருந்தாலும் சரி, போக்குவரத்து நெரிசலாக இருந்தாலும் சரி.

தாமதவேட்டை

நாலுசக்கரம், அவருக்கு 10:15-க்கு மருத்துவமனையில் நேரம். 10:24-க்கு இறங்கியிருக்கிறார். உங்கள் கணக்கில் 9 நிமிடம் லேட், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவருக்குப் பட்ட லேட். அறிக்கையில் அந்தப் பத்தியே கிடையாது. அவர் 9:20-க்குக் கூப்பிட்டிருக்கிறார், அழைப்புப் பதிவில் இருக்கிறது. எடுத்தவர் திரையைப் பார்த்து 9:26 என்று சொல்லியிருக்கிறார். அப்போது சர்வரில் 9:41 என்று இருக்கிறது, ஆனால் அழைப்பு மேசையின் திரை அதைப் புதுப்பிக்கவில்லை.

இரவுப்பட்டியல் சொன்ன எல்லை 5-தான். பந்தயம் உங்களுக்கு.

இப்போது அந்தக் கடைசி 6 நிமிடம். 9:41-க்கு "வந்தது" என்று தானாகப் பதிவானது, டிரைவர் 9:47-க்கு அழுத்தியிருக்கிறார். வந்தபின் 6 நிமிடம் என்ன செய்தார் என்று மேலே இருந்து கேட்கிறார்கள்.

பழையஸ்டீயரிங்

என்ன செய்திருப்பார், வாசலைத் தேடியிருப்பார். வரைபடத்துப் புள்ளி கட்டடத்தின் நடுவில் இருக்கும், மென்பொருள் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சாலையோடு அதை ஒட்டிவிடும், அது பின்பக்கச் சந்தாக இருக்கும். பின்பக்கத்தில் சுவர். ஒருவழிப் பாதை என்றால் முழுச் சுற்றுச் சுற்றித்தான் முன்னால் வர முடியும். தடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும்.

தாமதவேட்டை

பார்த்தேன், அப்படியே. தானியங்கிப் பதிவு என்பது புள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வட்டம், வண்டி அதற்குள் நுழைந்தால் வந்ததாக அர்த்தம். வட்டத்துக்குச் சுவர் தெரியாது. பின் சந்தில் 9:41-க்கு நுழைந்து, நின்று, திரும்ப வழியில்லாமல் சுற்றிக்கொண்டு 9:47-க்கு முன்வாசல்.

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 9:46 வரி. காத்திருப்புக் கடிகாரம் தானியங்கிப் பதிவிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கிறது. ஐந்து நிமிடம் முடிந்ததும் நோ-ஷோ பொத்தான் திறந்துவிட்டது. வண்டி இன்னும் வாசலுக்கு வரவே இல்லை! அவசரக்கார டிரைவர் யாராவது அதை அழுத்தியிருந்தால், முக்கால் மணி நேரமாக வாசலில் நிற்கிற பயணியின் பெயரில் "வரவில்லை" என்று பதிவாகியிருக்கும், தாமதப் பட்டியலிலிருந்தே இந்த ட்ரிப் காணாமல் போயிருக்கும். இவர் அழுத்தவில்லை. அறிக்கை குற்றம் சாட்டுவது இவரைத்தான்.

அரைகுறைகணக்கன்

அப்படியென்றால் நோ-ஷோ பட்டியலையும் ஒருமுறை அலச வேண்டியிருக்கும். தானியங்கி வருகைக்கும் டிரைவர் வருகைக்கும் நடுவே பெரிய இடைவெளி உள்ள முகவரிகள், டிரைவர் வருகையே இல்லாமல் நோ-ஷோ ஆனவை, இவை இரண்டையும் தனியாகப் பிரித்தாலே தப்பான புள்ளிகள் வரிசையாக வந்து நிற்கும்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். 9:14-க்கே 9:41 என்று தெரிந்துவிட்டது. எச்சரிக்கை ஏன் 9:30-க்கு?

இரவுப்பட்டியல்

எச்சரிக்கை விதி "இடைவெளி முடிந்தும் வண்டி வராவிட்டால்" என்று எழுதப்பட்டிருக்கும். நடந்து முடிந்ததைச் சொல்கிற எச்சரிக்கை. "ஈடிஏ இடைவெளியைத் தாண்டினால்" என்று இருக்க வேண்டும். 16 நிமிடம் வீண். அந்த நேரத்தில் பக்கத்தில் வேறு வண்டி இருந்ததா?

தாமதவேட்டை

ரீப்ளேயில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி 4, ரேம்ப் உள்ளது, 9:10-இலிருந்து காலியாக நின்றிருக்கிறது, அங்கிருந்து சுமார் 12 நிமிட ஓட்டம். 9:14-க்கே யாராவது கிளப்பியிருந்தால் புள்ளி தப்பாக இருந்தும் 9:32 வாக்கில் வந்திருக்கும். மென்பொருள் ஏன் தானாக மாற்றவில்லை என்றால், பிக்கப்புக்கு அரை மணிக்குள் இருக்கும் ட்ரிப்புகளைப் பூட்டிவிடுகிறது, கடைசி நேரத்தில் வண்டி வண்டியாகத் தூக்கிப் போடக் கூடாது என்று. நல்ல விதிதான். ஆனால் பூட்டியதைத் திறக்க மனிதர் வேண்டும், மனிதருக்குச் சொல்ல எச்சரிக்கை வேண்டும், எச்சரிக்கை 9:30-க்கு.

நேர்க்கோடு

சரி, இதில் நான் வாதாடப் போவதில்லை. பூட்டும் எச்சரிக்கையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லையை முதல் ஈடிஏவோடு ஒப்பிட ஆரம்பித்தால் ஒப்புதல் கேட்டு உங்கள் திரை நிரம்பி வழியும், அதற்குத் தயாராக இருங்கள்.

தாமதவேட்டை

இருக்கிறேன். மென்பொருள்காரர்களிடம் கேட்டதில் அந்த அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, "கடைசி ஈடிஏ" அல்லது "முதல் வாக்குறுதி" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிறுவும்போது கடைசி ஈடிஏ என்று வருகிறது, எங்கள் பக்கம் யாரும் அதைத் தொடவே இல்லை. முதல் வாக்குறுதிக்கு மாற்றி, எல்லையை 10 ஆக்கி, முதலில் காலை ஷிப்டுக்கு மட்டும் ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். நாற்காலிப் பயணிக்கு ஏற்றும் நேரத்தைத் தனியாக வைக்கவும் எழுதிவிட்டேன். எத்தனை நிமிடம் என்பதைப் பழைய டேப்லெட் பதிவுகளிலிருந்து எடுக்க வேண்டும், வந்ததிலிருந்து ஏறியது வரை.

அறிக்கையில் எழுதியது: 9:08-இலிருந்து 9:47 வரை 39 நிமிடம். அதில் 18 பட்டியல் மாற்றம், 9 முந்தைய நிறுத்தத்தின் ஏற்ற நேரம், 6 நெரிசல், 6 தப்பான புள்ளி.

பழையஸ்டீயரிங்

ஏற்றும் நேரத்தை எடுக்கும்போது டிரைவர் அழுத்திய "வந்தது" வரியிலிருந்து எடுங்கள் தம்பி, தானியங்கி வரியிலிருந்து எடுத்தால் சந்து சுற்றிய நேரமெல்லாம் அதில் சேர்ந்துவிடும். காரணப் பட்டியலில் "புள்ளி தப்பு" என்று ஒன்று இருக்கிறதா?

தாமதவேட்டை

இல்லை அண்ணே. டிரைவர், நெரிசல், பயணி, வண்டிப் பழுது, மற்றவை, அவ்வளவுதான். இப்போதைக்கு "மற்றவை" போட்டு குறிப்பில் எழுதியிருக்கிறேன். புள்ளியை முன்வாசலுக்கு நகர்த்தியாயிற்று, ஆனால் அதே முகவரியில் இன்னும் இரண்டு பயணிகள் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறார்கள், அவர்களுடைய புள்ளி இன்னும் பின் சந்தில்தான் நிற்கிறது. அதை நாளைக்குக் காலை ஷிப்டுக்கு முன்னால் மாற்ற வேண்டும்.